கம்பியில் மாட்டியது யார் போட்டது?



நாம் துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம், கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தது உண்டா? நானும் யோசித்ததில்லை. பொங்கலுக்கு எங்கள் சித்தப்பா வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அவர் சென்னையில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்தவர். அவர் வலது கையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கும். "என்ன சித்தப்பா இது?"ன்னு கேட்டேன். "கம்பியில மாட்டுன குப்பையை வாரும்போது உடைஞ்ச பாட்டில் கிழிச்சிட்டுதும்மா"ன்னார். அவர் சொன்னதையும் அறிவியல் டீச்சர் விளக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் வேலை: கம்பித் தடுப்பு

இறால் குட்டைக்குத் தண்ணீர் ஏற்றும்போது குழாய் வாயில் வலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான் இதுவும். சாக்கடை நீர் உள்ளே நுழையும் இடத்தில் இரும்புக் கம்பிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். முதல் வரிசையில் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி. அடுத்த வரிசை நெருக்கமானது. 6 மில்லி மீட்டர் இடைவெளி வைத்தால் பென்சில்கூட நுழையாது. பிளாஸ்டிக் பை, கந்தல் துணி, முடி, நாப்கின் எல்லாம் இங்கே மாட்டும். (நாப்கின் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. "உண்மையைத்தானே எழுதுற, எழுது" என்று டீச்சர் சொன்னார்கள்.)

மாட்டியதை உடனுக்குடன் வாரவேண்டும். இல்லாவிட்டால் கம்பி அடைத்துக்கொண்டு தண்ணீர் மட்டம் ஏறும். அந்த அழுத்தமே குப்பையைக் கம்பி நடுவே பிதுக்கித் தள்ளிவிடும். அது பம்பில் சுற்றிக்கொண்டால் பம்பு நின்றுவிடும். முன்பு ஆட்கள் நின்று வாரினார்கள். இப்போது பல இடங்களில் சீப்பு போன்ற இயந்திரம் வாருகிறது. கம்பிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் மட்டம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்துத் தானாகவே ஓடும் சீப்பும் உண்டு.

இரண்டாவது வேலை: மணல் தொட்டி

எங்கள் ஆயா அரிசியில் கல் அரிக்கும்போது தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி அடுத்த சட்டியில் ஊற்றும். அரிசி போய்விடும், கல் அடியில் தங்கும். வேகமாக ஊற்றினால் கல்லும் போய்விடும். ரொம்ப மெதுவாக ஊற்றினால் அரிசியும் தங்கிவிடும்.

மணல் தொட்டியிலும் இதே கணக்குதான். தண்ணீரை நொடிக்கு சுமார் 30 செ.மீ. வேகத்தில், அதாவது நம் பெரிய ஸ்கேல் நீளத்துக்கு, ஓடவிடுவார்கள். கனமான மணல் கீழே தங்கும். லேசான கழிவு அடுத்த தொட்டிக்குப் போகும். அங்கே பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீரைச் சுத்தமாக்கும். சில இடங்களில் வட்டத் தொட்டியில் நீரைச் சுழல விடுகிறார்கள். டம்ளரில் டீயைக் கலக்கினால் தூள் அடியில் நடுவே சேருகிறதல்லவா, அதுபோல மணல் சேரும்.

மணலை விட்டுவிட்டால் பம்பைத் தேய்த்துவிடும். பின்னால் உள்ள தொட்டிகளிலும் படிந்து இடத்தை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு மண்ணும் சேர்ந்து வருவதால் அப்போது வேலை இன்னும் அதிகம்.

இவை ஏன் முக்கியம்?

சென்னை கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் கழிவுநீரை மேலும் சுத்தமாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவு குடிநீர் மிச்சம். ஆனால் முதல் கம்பியில் கோட்டை விட்டால் பின்னால் உள்ள விலை உயர்ந்த மெஷின்கள் பாழாகும். லண்டனில் 2017 இல் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்குப் பாறைபோல் இறுகிவிட்டதாம்!

"நம்ம வீட்டுல செப்டிக் டேங்க்தானே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். அதில் துணி போட்டாலும் லாரிக் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் யாராவது உள்ளே இறங்கினால் விஷவாயு தாக்கும். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பணம் கொடுத்தால் அப்பா திரும்பி வருவாரா?

கடைசியாக, "அதான் மெஷின் வந்துட்டுதே சித்தப்பா, இனிமே கஷ்டம் இல்லையே?"ன்னு கேட்டேன். "துணி சுத்திக்கிட்டா மெஷினும் நின்னுடும். அப்போ ஆள்தான் கையை விடணும்"ன்னார். எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

ஆகவே நண்பர்களே, நாப்கினைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுவோம். பிளாஸ்டிக் பை, பிளேடு, கண்ணாடித் துண்டு எதையும் கழிப்பறையிலோ வாய்க்காலிலோ போடாதிருப்போம். முதல் கம்பித் தடுப்பு சென்னையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

நாம் போடாத குப்பையை யாரும் வார வேண்டியதில்லை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கிள்ளை