எட்டாம் இடம் மூன்றாம் இடம் ஆன கதை

2020 மார்ச்சில் கொரோனா இங்கிலாந்துக் கால்பந்தை நிறுத்தியபோது, அந்நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டியான லீக் ஒன்னில் விக்கம் வாண்டரர்ஸ் அணி எட்டாம் இடத்தில் இருந்தது. அதன் பிறகு ஓர் ஆட்டம்கூட ஆடாமல், ஜூனில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. ஜூலை 13 அன்று, ரசிகர்கள் இல்லாத வெம்பிளி மைதானத்தில் நடந்த பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டை 2-1 என வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் நிலைக்கு ஏறியது.

இடையில் நடந்தது ஒரு வகுத்தல் கணக்குதான்.

ஆட்டங்கள் நின்ற நாளில் பீட்டர்பரோ, சண்டர்லாந்து, விக்கம் மூன்றுக்கும் 59 புள்ளிகள். ஆனால் சண்டர்லாந்து அதை 36 ஆட்டங்களில் சேர்த்திருந்தது. பீட்டர்பரோ 35இல், விக்கம் 34இல். வழக்கமான பட்டியல் புள்ளியையும் கோல் வித்தியாசத்தையும் மட்டும் பார்த்து, குறைவாக ஆடிய விக்கத்தைக் கடைசியில் வைத்தது. சீசனை அத்துடன் முடிப்பது என்று கிளப்புகள் வாக்களித்ததும், புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்தார்கள். விக்கத்துக்கு 1.74, பீட்டர்பரோவுக்கு 1.69. ஆறாம் இடத்தில் இருந்த பீட்டர்பரோ ஏழாவதாகி, பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது.

கோப்பை ஆட்டங்கள், மழை, உறைந்துபோன மைதானம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் எல்லா சீசனிலும் சில ஆட்டங்கள் தள்ளிப்போகும். நடுவில் எந்த வாரம் பட்டியலைப் பார்த்தாலும் சில அணிகளுக்கு ஓர் ஆட்டமோ இரண்டோ பாக்கி இருக்கும். அந்தத் தகவல் பட்டியலின் ஓரத்தில் ஒரு சின்ன எண்ணாக நிற்கிறது. வாசகர் அதை மனக்கணக்காகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை, படமாகவே காட்டிவிடலாம்.

அணிக்கு ஒரு பட்டை வரைவோம். எல்லாப் பட்டைக்கும் ஒரே நீளம். அந்த சீசனில் பெரி கிளப் நீக்கப்பட்டதால் 23 அணிகள். ஆளுக்கு 44 ஆட்டம், அதிகபட்சம் 132 புள்ளி. இடப்பக்கத்திலிருந்து, வென்ற புள்ளிகளுக்கு அடர்ந்த நிறம். வலப்பக்கத்திலிருந்து, கோட்டைவிட்ட புள்ளிகளுக்குச் சாம்பல். நடுவில் மிஞ்சும் வெள்ளைதான் இனி ஆட வேண்டியது. விக்கத்தின் பட்டையில் 59 அடர்நிறம், 30 வெள்ளை, 43 சாம்பல். சண்டர்லாந்துக்கு 59, 24, 49. அடர்நிறம் இரண்டிலும் ஒரே இடத்தில் முடிகிறது. சாம்பலோ சண்டர்லாந்துப் பட்டையில் ஆறு புள்ளி கூடுதலாக உள்ளே வந்திருக்கிறது. எந்த அணி எங்கே நிற்கிறது என்பதோடு, இன்னும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வெளியூரில் ஆடுவது கடினம் என்பதைப் பட்டை சொல்லாது. இத்தாலியப் பத்திரிகைகள் இதற்கென்றே 'ஆங்கிலச் சராசரி' என்ற ஒரு கணக்கை வைத்திருந்தன. வெற்றிக்கு இரண்டு புள்ளி இருந்த காலம் அது. சொந்த ஊரில் வெற்றியும் வெளியூரில் டிராவும் சமநிலை. அதற்கு மேல் எடுத்தால் கூட்டல், கீழே போனால் கழித்தல். ஆடிய ஆட்டங்கள் வேறுபட்டாலும், யாருக்கு எந்த மைதானம் மிச்சம் என்பது வேறுபட்டாலும், அணிகளை ஒப்பிட அது உதவியது.

பட்டையின் அருமை அதே லீக் ஒன்னின் அடிப்பகுதியில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. 20ஆம் இடத்தில் ஏஎஃப்சி விம்பிள்டன்: 35 ஆட்டம், 35 புள்ளி. 21ஆம் இடத்தில் டிரான்மியர் ரோவர்ஸ்: 34 ஆட்டம், 32 புள்ளி. சராசரியில் விம்பிள்டன் 1.00, டிரான்மியர் 0.94. பட்டை வரைந்தால் சாம்பல் இரண்டுக்கும் சரியாக 70. பாக்கியிருந்த அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் டிரான்மியர் புள்ளியில் விம்பிள்டனைத் தொட்டிருக்கும். அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. டிரான்மியர் நான்காம் நிலைக்கு இறக்கப்பட்டது.