மேசைக்கு அந்தப் பக்கம் – 9: தப்பு எங்கே, காட்டுங்கள்

போன வாரம் ஐன்ஸ்டைன் ‘பிசிக்கல் ரெவியூ’வோடு முறைத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். 1936. படித்தவர்களுக்கு நினைவிருக்கும், மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் ஆய்விதழ்களுக்கு வரும் புகார்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்ததும் அதற்காகத்தான். புகாருக்கு முன்னால் மேல்முறையீட்டையும் இரண்டு வரி சொல்லிவிடலாமே என்று தொடங்கினேன். அதற்கு உதாரணமாக இயற்பியலாளர் யூஜீன் பார்க்கர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். நாளைக் காலை பக்கம் முடிகிறது. இனி அவரை எழுப்பி அனுப்ப முடியாது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘என் கட்டுரையை ரெஃப்ரீ (அதை மதிப்பிடும் நிபுணர்) புரிந்துகொள்ளவில்லை, முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்றால் மேல்முறையீடு. ‘ஒன்பது மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது, அதற்குள் ரெஃப்ரீயின் மாணவரே அதை வேறு இதழில் எழுதிவிட்டார்’ என்றால் புகார். முன்னது முடிவைப் பற்றியது, பின்னது நடத்தையைப் பற்றியது. முன்னதை ஆசிரியர் குழு பார்க்கும். பின்னது ஆசிரியர் மேலேயே என்றால் பதிப்பாளரிடம் போகும். நடைமுறையில் இரண்டையும் ஒரே கடிதத்தில், ஒரே கொதிப்பில் எழுதி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். ‘ரெஃப்ரீ ஒரு முட்டாள்’ என்று ஆரம்பிக்கும் கடிதம் எந்த மேசையிலும் வென்றதில்லை, ரெஃப்ரீ நிஜமாகவே முட்டாளாக இருந்தாலும்.

பார்க்கர் அப்படி எழுதவில்லை.

1958-ன் தொடக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பார்க்கருக்கு முப்பது வயது. சூரியனைச் சுற்றியிருக்கும் கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடானது என்பது அப்போதே தெரியும். அவ்வளவு சூடான வாயு பூமியையும் தாண்டிப் பரவியிருக்கும், ஆனால் அசையாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தார் சிட்னி சாப்மன். இன்னொரு பக்கம் ஜெர்மனியில் லுட்விக் பியர்மன், வால்நட்சத்திரத்தின் அயனி வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதைப் பார்த்து, சூரியனிலிருந்து ஏதோ ஓயாமல் பாய்ந்து வருகிறது என்று 1951-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் நிற்கிறது என்கிறார், மற்றவர் ஓடுகிறது என்கிறார். இரண்டும் ஒரே வாயுவாகத்தானே இருக்க வேண்டும் என்று யோசித்தார் பார்க்கர். அத்தனை சூடான வாயுவை விண்வெளியின் அழுத்தத்தால் பிடித்து நிறுத்த முடியாது. அது விரிந்தே தீர வேண்டும். சூரியனுக்கு அருகில் மெல்லக் கிளம்பி, தூரம் போகப் போக வேகமெடுத்து, ஒலியின் வேகத்தையும் மிஞ்சிப் பாயும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இன்று சூரியக் காற்று என்கிறோம்.

இதைக் கட்டுரையாக்கி ‘அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலு’க்கு அனுப்பினார். முதல் ரெஃப்ரீயின் அறிக்கை வந்தது. ஒரு துறையில் எழுதுவதற்கு முன்னால் இவர் நூலகத்துக்குப் போய் அந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் படிப்பது நல்லது என்ற தோரணையில் இருந்தது. இரண்டாமவரும் கைவிரித்துவிட்டார். இருவரும் துறையில் பெரிய பெயர்கள்.

இந்த இடத்தில்தான் இதழின் ஆசிரியர் வருகிறார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1952-லிருந்து 1971 வரை அந்த இதழ் அவர் கையில்தான் இருந்தது. நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகரை நமக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் அடுத்தவர்களின் கட்டுரைகளோடு மல்லுக்கட்டிய சந்திரசேகரை அவ்வளவாகத் தெரியாது. எனக்கு இந்த இரண்டாமவர் மேல்தான் பித்து.

பார்க்கர் பிற்காலப் பேட்டிகளில் சொன்ன கதை இது. சந்திரசேகர் அவருடைய அறைக்கே வந்தார். இதை நிஜமாகவே வெளியிட வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். துறையின் பெரிய ஆட்கள் இரண்டு பேரிடம் கொடுத்தேன், இருவரும் தப்பு என்கிறார்களே என்றார் அவர். அதற்குப் பார்க்கர் சொன்ன பதில் ஒன்றுதான்: தப்பு என்கிறார்கள், எந்த வரியில் தப்பு என்று ஒருவரும் காட்டவில்லையே. சந்திரசேகர் கொஞ்சம் யோசித்தார். சரி, வெளியிடுகிறேன் என்றார்.

இவ்வளவுதான் மேல்முறையீடு. படிவம் இல்லை, குழு இல்லை. அந்த ஆண்டு நவம்பர் இதழில் கட்டுரை வந்தது.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதற்கு அடுத்த விஷயம். சந்திரசேகருக்கே அந்த யோசனை பிடிக்கவில்லை! பிடித்ததால் வெளியிடவில்லை, கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க முடியாததால் வெளியிட்டார். நமக்கு உடன்பாடில்லாத ஒன்றை, இரண்டு நிபுணர்கள் வேண்டாம் என்ற ஒன்றை, நம் பெயரில் வரும் இதழில் அச்சேற்றுவது லேசான காரியமில்லை. பொய்த்துப்போனால் பழி ரெஃப்ரீக்களுக்கு வராது, அவர்கள் பெயரே வெளியே தெரியாது. ஆசிரியருக்குத்தான் வரும்.

சந்திரசேகரும் ஒருகாலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்தான். 1935-ல் லண்டனில் வானியலாளர் எடிங்டன், வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களைப் பற்றிய கணக்குக்காக இதே சந்திரசேகரை மேடையில் கேலி செய்தார். சில மாதம் கழித்துப் பாரிஸ் மாநாட்டில் எடிங்டன் மறுபடியும் தாக்கியபோது, பதில் சொல்ல அனுமதி கேட்டுத் தலைமை வகித்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலுக்குச் சீட்டு அனுப்பினார் சந்திரசேகர். வேண்டாமே என்றார் ரஸ்ஸல். தனியே கேட்டால் நீ சொல்வதே சரி என்று சொன்ன பெரிய இயற்பியலாளர்களும் வெளியே வாய் திறக்கவில்லை. மேல்முறையீடு செய்ய அவருக்கு ஒரு மேசைகூட இருக்கவில்லை. இதையும் 1958-ஐயும் முடிச்சுப் போட எனக்குக் கை துறுதுறுக்கிறது. முடிச்சு ரொம்ப அழகாக விழுகிறது என்பதாலேயே விட்டுவிடுகிறேன்.

ஆனால் பார்க்கர் கதையில் இன்னொரு நெருடல் இருக்கிறது. பார்க்கர் எந்தப் பல்கலைக்கழகம்? சிகாகோ. சந்திரசேகர்? சிகாகோ. நிபுணர்கள் இரண்டு பேர் நிராகரித்ததை, தன் நிறுவனத்துச் சகாவின் அறைக்கு ஆசிரியரே போய்ப் பேசிவிட்டு ஏற்றுக்கொள்கிறார். இன்று இது நடந்தால் மேல்முறையீட்டுக் கதையாக இருக்காது, முதல்தரப் புகார் மனுவாக இருக்கும். சகாக்களின் கட்டுரையைத் தொடாமல் வேறு ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் இன்று பெரும்பாலான இதழ்களில் விதி. அந்த விதி அன்று இருந்திருந்தால் கட்டுரை எந்த மேசைக்குப் போயிருக்கும்? அங்கே சந்திரசேகர் அளவுக்குக் கணக்குத் தெரிந்தவர் உட்கார்ந்திருப்பாரா? விதி சரியானதுதான். ஒரு தனிமனிதரின் நேர்மையை நம்பி இதழ் நடத்த முடியாது. எல்லா மேசையிலும் சந்திரசேகர் கிடைப்பதில்லை. என்றாலும் விதி காப்பாற்றியிருக்காத ஒரு கட்டுரை இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 1962 ஆகஸ்டில் வெள்ளியை நோக்கிக் கிளம்பிய மரைனர்-2 விண்கலம் வழி நெடுக சூரியக் காற்றை அளந்துகொண்டே போனது. காற்று ஓயவே இல்லை. 2018-ல் நாசா சூரியனுக்கு அனுப்பிய கலத்துக்குப் பார்க்கர் பெயரையே வைத்தார்கள். உயிரோடு இருப்பவரின் பெயரில் நாசா அனுப்பிய முதல் கலம். 91 வயதில் ஏவுதலை நேரில் பார்த்தார். 2022-ல் காலமானார். நம் ஆதித்யா-எல்1 இப்போது அளந்துகொண்டிருப்பதும் அந்தக் காற்றைத்தான். அது கிளம்பியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

இன்றைய நடைமுறையைச் சொல்லாமல் போனால் தொடரின் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். ஐன்ஸ்டைன் முறைத்துக்கொண்ட அதே ‘பிசிக்கல் ரெவியூ’வில் இப்போது படிப்படியாக ஏறலாம். நிராகரித்த முடிவை எதிர்த்து எழுதினால் ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவர் மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் படித்துக் கருத்துச் சொல்வார். அதுவும் பாதகமானால் தலைமை ஆசிரியரிடம் போகலாம். ஆனால் அவர் அறிவியலுக்குள் நுழைய மாட்டார், நடைமுறை நியாயமாக நடந்ததா என்று மட்டும்தான் பார்ப்பார். சந்திரசேகர் செய்ததற்கு நேர் எதிர்! ரெஃப்ரீ சொன்ன ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறவர்களுக்கு அங்கே கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ‘இதில் புதுமை போதவில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அநேகமாக இல்லை. அதில் தப்பு எங்கே என்று காட்டச் சொல்லிக் கேட்க முடியாது.

புகார்கள் அடுத்த வாரம், கட்டாயமாக. 1998 பிப்ரவரியில் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரை ஒன்று; பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றியது, தடுப்பூசியின் மேல் பழி போட உதவியது. அதை அந்த இதழ் முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். நடுவில் இருந்த பன்னிரண்டு வருடம் புகார்கள் எந்த மேசையில் இருந்தன என்று பார்ப்போம்.