சளி மாத்திரையும் மூளை ரத்தக்கசிவும்

போன மாசம் அம்மாவுக்குச் சளி. கீழக்குயில்குடியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் போய், மெடிக்கலில் "சளிக்கு ஒரு செட்" என்று வாங்கிட்டு வந்துட்டாங்க. பொட்டலத்தில் நாலு மாத்திரை, நாலு நிறம். அட்டையில் வெட்டியதில் பெயர் பாதிதான் மிச்சம். அம்மாவுக்குப் பத்து வருஷமாக பி.பி. உண்டு. கடைக்காரர் கேட்கவில்லை, இவங்களும் சொல்லவில்லை. "சளி மாத்திரைக்கும் பிரஷருக்கும் என்னடா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கு. மூக்கடைப்புக்குச் சளி மட்டும் காரணமில்லை. உள்சவ்வின் ரத்தக்குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதுதான் முக்கியக் காரணம். அந்தக் குழாய்களைச் சுருக்கத்தான் மருந்து. ஆனால் விழுங்கிய மாத்திரைக்கு மூக்கு எது, மற்றது எது என்று தெரியாது. உடம்பு முழுக்கக் குழாய்களைச் சுருக்கும். ரத்த அழுத்தம் ஏறும்.

இதில் பெயர் கெட்டுப்போனது பினைல்புரோபனோலமைன். அமெரிக்காவில் சளிக்கும் விற்றார்கள், பசியை அடக்கி உடம்பை இளைக்க வைக்கவும் விற்றார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 43 மருத்துவமனைகளில், மூளையில் ரத்தக்கசிவு வந்த 18 முதல் 49 வயது வரையுள்ள 702 பேரை, அது வராத 1376 பேரோடு ஒப்பிட்டார்கள். பசியடக்கியாகச் சாப்பிட்ட பெண்களுக்கு ஆபத்து 16 மடங்குக்கும் மேல் என்று வந்தது. அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் நோயாளிகளில் 6 பேர், மற்றவர்களில் ஒரே ஒருவர். உண்மையான மடங்கு 1.5 ஆகவும் இருக்கலாம், 180 ஆகவும் இருக்கலாம். ஆனாலும் மூக்கடைப்புக்காக இளம் வயதில் மூளை ரத்தக்கசிவு என்பது யாரும் ஒத்துக்கொள்ளும் பேரமா? 2000 நவம்பரில் அங்கே விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவில் தடை அறிவிப்பு வந்தது 2011 பிப்ரவரி 10-ம் தேதி. நடுவில் பத்து வருஷத்துக்கு மேல். 'இங்கே யாரும் இளைக்கச் சாப்பிடுவதில்லை, அளவும் குறைவு' என்று ஒரு வாதம் இருந்தது. ஒரு பெரிய பிழை தெரிந்த பிறகும் பத்து வருஷம் திருத்தாமல் விட்டால், என் தொழிலில் வேலை போயிடும்.

இப்போது நம்மூர் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது பினைல்எஃப்ரின். இதுவும் குழாய் சுருக்கிதான். இதில் ஒரு வேடிக்கை: வாய்வழி எடுத்தால் இது மூக்கடைப்புக்கு வேலையே செய்யவில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பிரஷர் உள்ளவருக்குப் பலன் சந்தேகம், பாரம் மட்டும் மிச்சம்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மாத்திரை போட்டதும் எல்லாருக்கும் ஸ்ட்ரோக் வந்துவிடாது. ஆனால் பி.பி., இதய நோய் உள்ளவர்கள் கடையில் அதை முதலில் சொல்லுங்க. வெட்டாத அட்டையாகக் கேளுங்க. இடி விழுந்த மாதிரி திடீர்த் தலைவலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் யோசிக்காமல் 108.

பொட்டலத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சாங்க.