விடை இல்லாத கணக்குக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் மூவர் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். அமெரிக்காவில் நடத்தப்படும் கணிதப் போட்டி ஒன்றுக்கு 100 டாலர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், அறக்கட்டளை உதவுமா என்று கேட்டார்கள். கூடவே வந்திருந்தார் ஒரு பிள்ளையின் வாப்பா. காய்கறி மண்டி வைத்திருப்பவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதுக்குச் சரியான விடைன்னு ஒண்ணு கிடையாதுன்னு இவங்களே சொல்றாங்க. அப்போ யார் ஜெயிச்சாங்கன்னு எதை வச்சுச் சொல்லுவாங்க?”

பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எங்களுக்கும் அப்போது சரியாக விளங்கவில்லை. பிறகு போட்டியின் விதிகளையும், நடுவர்கள் எழுதிவரும் குறிப்புரைகள் சிலவற்றையும் படித்துப் பார்த்தோம். அந்த வாப்பாவுக்கு மட்டுமல்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

காமாப் என்ற கல்வி நிறுவனம் 1985 முதல் இந்தப் போட்டியை நடத்துகிறது. ஓர் அணிக்கு மூன்று பேர் வரை. நேரம் 99 மணி. 2024-இல் அது நம் ஊர்க் கணக்கில் வெள்ளிக்கிழமை அதிகாலை மூன்றரை மணிக்குத் தொடங்கி, செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு முடிந்தது. புத்தகம், இணையம் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அணிக்கு வெளியே யாரிடமும், சொந்த ஆசிரியரிடம்கூட, உதவி கேட்கக் கூடாது. முடிவில் 25 பக்கத்துக்கு மிகாத ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும்.

2024-இல் வந்த கேள்விகளில் ஒன்று லாம்ப்ரே என்ற மீனைப் பற்றியது. விலாங்கு போல நீளமாக இருக்கும். தாடை கிடையாது. வட்ட வாயால் மற்ற மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவிலுள்ள பேரேரிகளில் இதனால் பெரும் நாசம் விளைந்தது. நயாகரா அருவி ஒரு காலத்தில் இதற்குத் தடையாக நின்றது. கப்பல்களுக்காக அருவியைச் சுற்றி வெல்லண்ட் கால்வாய் வெட்டினார்கள். பிறகு 1921-இல் ஈரி ஏரியில் லாம்ப்ரே தென்பட்டது. 1938-க்குள் சுப்பீரியர் ஏரிவரை போய்விட்டது. மேல் ஏரிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு டிரவுட் மீன் கிடைத்துவந்தது, 1960-களின் தொடக்கத்தில் சுமார் 3 லட்சம் பவுண்டுக்கு இறங்கியது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம்தான். மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் தொழிலை விட்டன. அதே மீனை ஐரோப்பாவில் சில பகுதிகளில் விரும்பிச் சமைத்து உண்கிறார்கள் என்பது வேறு கதை.

இந்த மீனிடம் ஒரு விசித்திரம் உண்டு. குஞ்சுப் பருவத்தில் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்து அது ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறது. இரை குறைந்த இடத்தில் வளர்ந்தால் நூற்றுக்கு 78 வரை ஆண்கள். இரை தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் 56 ஆண்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இப்படி மாறும் தன்மை லாம்ப்ரேவுக்கு நல்லதா கெட்டதா, சுற்றியுள்ள மற்ற உயிர்களுக்கு என்ன ஆகும், ஒரு கணித மாதிரி அமைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

மாதிரி என்றால் பயப்பட வேண்டாம். 100 மீன்கள் என்று வைத்துக்கொள்வோம். இரை உள்ள இடத்தில் 44 பெண்கள், இல்லாத இடத்தில் 22 பெண்கள். முட்டையிடுவது பெண். ஆகவே ஒவ்வொரு பெண்ணும் ஒரே அளவு முட்டையிட்டால், பஞ்சக் காலத்தில் முட்டைகள் பாதியாகின்றன. கூட்டம் சுருங்குகிறது, மிச்சமிருக்கும் இரைக்குப் போட்டி குறைகிறது, பிறகு பெண்கள் மீண்டும் கூடுகின்றன. இந்தச் சுழற்சியைச் சமன்பாடுகளாக எழுதி, ஆண்டு ஆண்டாகக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் மாதிரி. ஆணும் பெண்ணும் எப்போதும் சரிபாதி என்று வைத்து இன்னொரு மாதிரியையும் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாறுவதால் என்ன லாபம் என்று தெரியும். அந்த ஒப்பீடு இல்லாமல் எத்தனை வரைபடம் போட்டிருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

இனி நடுவர் பக்கம் வருவோம். அவர் கையில் இருக்கும் அறிக்கையில் மாணவர் பெயரும் இருக்காது, கல்லூரிப் பெயரும் இருக்காது. ஓர் எண் மட்டும். ஆயிரக்கணக்கில் அறிக்கைகள் வருவதால் முதல் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். முதல் பக்கச் சுருக்கத்தை அவர் அப்போது பார்க்கிறார். அதில் என்ன செய்தோம், என்ன கண்டோம் என்று சொல்லாமல், “பின்னால் விரிவாக ஆராய்கிறோம்” என்று மட்டும் எழுதிய அணி அங்கேயே பின்தங்கிவிடும். நான்கு நாள் உழைப்பைக் கடைசி அரை மணியில் எழுதிய சுருக்கம் கெடுத்துவிடுவதைப் பற்றி நடுவர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

அடுத்து அனுமானங்கள். ஏரியின் வெப்பம் மாறாது என்று ஓர் அணி வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று எழுத வேண்டும். எங்களுக்கு வசதி என்பது காரணமாகாது. லாம்ப்ரே கேள்வியில் இங்கே ஓர் இடறலும் இருக்கிறது. குஞ்சு வாழ்வது ஓடைச் சேற்றில், தின்பது பாசித் துணுக்குகளும் மட்கிய பொருளும். இரத்தம் உறிஞ்சுவது வளர்ந்த மீன், அது இருப்பது ஏரியில். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முதல் இரை. இரை, வேட்டை மிருகம் என்ற பழைய சமன்பாடுகளைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து, ஏரியில் டிரவுட் குறைந்தால் ஆண்கள் கூடும் என்று எழுதினால் கணக்கு பிசகாமல் வரும், மீன்தான் வேறு மீனாகிவிடும். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளே இப்படி வழுக்குவதற்கு இடமுண்டு என்று நினைக்கிறோம்.

மண்டிக்கார வாப்பாவுக்கு உடனே விளங்கிய இடம் ஒன்று உண்டு. தக்காளி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் நம் லாபம் நிற்குமா என்று கொள்முதலுக்கு முன் அவர் கணக்குப் போடுகிறார் அல்லவா? நடுவர்கள் கேட்பதும் அதைத்தான். குஞ்சுகளின் இறப்பு வீதம் இவ்வளவு என்று அணி வைத்திருக்கிறது. அதைப் பத்து சதவீதம் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்களா? முடிவு அப்படியே நிற்கிறதா, தலைகீழாகிறதா? தலைகீழானாலும் குற்றமில்லை. அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எங்களை மிகவும் கவர்ந்தது, தன் மாதிரியின் பலவீனங்களை அணியே எழுத வேண்டும் என்று நடுவர்கள் எதிர்பார்ப்பது. “இதைவிட நேரமிருந்தால் நன்றாகச் செய்திருப்போம்” என்பது அதில் சேராது. “எங்கள் மாதிரி ஒரே ஓடையைத்தான் பார்க்கிறது, பல ஓடைகளிலிருந்து வரும் மீன்கள் ஏரியில் கலப்பதைப் பார்க்கவில்லை” என்பதுபோல் குறிப்பாக இருக்க வேண்டும். நம் பள்ளித் தேர்வில் எந்தப் பிள்ளையாவது விடைத்தாளில் தன் குறையை எழுதுமா? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே நியாயந்தான். பயன்படுத்தலாம், ஆனால் எங்கே, எப்படிப் பயன்படுத்தினோம் என்று தனி அறிக்கை இணைக்க வேண்டும். அது 25 பக்கக் கணக்கில் சேராது.

இந்தக் கண்டிப்பு வீணல்ல. 1955-இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த பேரேரிகள் மீன்வள ஆணையம், ஓடைகளில் குஞ்சுகளைக் கொல்லும் மருந்தை இன்றும் இடுகிறது. ஆண் மீன்களைப் பிடித்து மலடாக்கித் திரும்ப விடும் முறையையும் சில காலம் கையாண்டது. எந்த ஓடைக்கு எப்போது மருந்து என்ற முடிவுகளுக்குப் பின்னால் இத்தகைய மாதிரிகள்தான் நிற்கின்றன. அங்கே ஒரு தவறான அனுமானத்தின் விலை மீனவர் வலையில் தெரியும்.

போட்டியில் முதல், இரண்டாம் இடம் என்று கிடையாது. மிகச் சிலருக்கு மிகச் சிறந்தது என்ற தகுதி. அதற்குக் கீழே இறுதிச் சுற்று, தகுதி மிக்கது, பாராட்டுக்குரியது, வெற்றிகரமாகப் பங்கேற்றது என்று படிகள். கடைசிப் படிக்கும் சான்றிதழ் உண்டு.

அந்த மூவருக்கும் கட்டணம் கட்டிவிட்டோம். மற்ற பிள்ளைகள் சேர விரும்பினால் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆலோசகராகப் பதிவு செய்ய வேண்டும். மாணவர் தாமாகப் பதிய முடியாது. ஆகவே முதலில் ஆசிரியரிடம் பேசிவிட்டு, பிறகு அலுவலகத்துக்கு அஸருக்குப் பின் வாருங்கள்.