பல்கலைக்கழக வளாகங்களில் கம்பியில்லா வலையமைப்பு: வடிவமைப்பும் பழுதறிதலும்

ஆய்வுச் சுருக்கம்

வளாகங்களில் வைஃபை இணைப்பு தடுமாறும்போது அணுகல் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே தீர்வு எனப் பரவலாகக் கருதப்படுகிறது. வானலை பலராலும் பகிர்ந்துகொள்ளப்படும் ஊடகம் ஆதலின், அளவின்றிக் கூட்டுவது பழுதை மிகுவிக்கவும் கூடும். இக்கட்டுரை அதற்கான காரணத்தை விளக்கி, பழுதறிவதற்குரிய ஒரு வரிசைமுறையை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வைஃபை, அணுகல் புள்ளி, அலைத்தடம், கொள்திறன், பழுதறிதல்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும் சார்ந்த ஊர். இதுபோல் மாநகரங்களிலிருந்து விலகிய பகுதிகளில் பயிலும் ஆய்வாளருக்கு மின்னூலகத்தின் வாயிலாக அமைவது கல்லூரியின் வலையமைப்பே ஆகும். அது தடுமாறினால் நூல் தேடலும் இணையவழிக் கருத்தரங்கும் தேர்வும் ஒருங்கே தடைப்படுகின்றன. நிதி குறைந்த நிறுவனம் தவறான தீர்வுக்குச் செலவிட்டால் மறுமுறை செலவிட வாய்ப்பு அரிது. எனவே பழுதின் இடத்தை அறிந்த பின்னரே கருவி வாங்குவது பற்றி முடிவுசெய்தல் வேண்டும்.

பகிரப்படும் வானலை

பல்கலைக்கழகம் ஒன்று கணினிகளை வானலை வழியே இணைத்த முன்னோடி முயற்சி ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1971இல் செயற்பட்ட 'அலோஹா' வலையமைப்பாகும். நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் உருவான அதில், ஒவ்வொரு நிலையமும் தான் விரும்பிய நேரத்தில் செய்தி அனுப்பியது. இரு செய்திகள் மோதினால் இரண்டும் சிதைந்தன. அவற்றை மீண்டும் அனுப்ப நேர்ந்தது. இம்முறையில் அலைத்தடத்தின் கொள்திறனில் அதிக அளவாக 18.4 விழுக்காடே பயன்படும் என்பது கணித முடிபு.

இன்றைய வைஃபை கருவிகள் தடம் ஓய்ந்திருக்கிறதா எனக் கேட்ட பின்னரே பேசுகின்றன. மோதல் குறைந்தது, ஆயினும் ஒரே தடத்தில் ஒருவருக்கொருவர் கேட்கும் தொலைவில் உள்ள கருவிகளுள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச இயலும் என்னும் வரம்பு நீங்கவில்லை.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 சனவரியில் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. இதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ஆகவே நெரிசல் மிகுந்த வகுப்பறைகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸே உரியது. அதன் அலை சுவர்களில் விரைவில் தேய்வதும் இங்கு ஒரு நன்மையே: அடுத்த அறையில் அதே தடத்தை மீண்டும் பயன்படுத்தலாம்.

பரப்பும் கொள்திறனும்

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய 'வயர்லெஸ் ஆண்ட்ரூ' திட்டத்தை முன்னெடுத்த அலெக்ஸ் ஹில்ஸ், அலை சென்றடையும் பரப்பை நோக்கிய வடிவமைப்பையும் பயனர் நெரிசலைத் தாங்கும் கொள்திறனை நோக்கிய வடிவமைப்பையும் வேறுபடுத்தினார். தோட்டத்திற்கும் நடைபாதைக்கும் முன்னது போதும். வகுப்பறைக்கும் நூலகத்திற்கும் பின்னது வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 120 இருக்கைகள் கொண்ட அரங்கில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு நொடிக்கு 2 மெகாபிட் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தேவை 120 மெகாபிட். ஓர் அணுகல் புள்ளி நடைமுறையில் 60 மெகாபிட் தருமெனில், இரண்டு புள்ளிகள் வெவ்வேறு தடங்களில் தேவை. அரங்கெங்கும் அலை எட்டுகிறது என்ற காரணத்தால் ஒன்றே போதும் எனல் பொருந்தாது.

அணுகல் புள்ளிகளைத் தாழ்வாரத்தில் வரிசையாகப் பொருத்துவதும் பொதுவான பிழை. தடையற்ற தாழ்வாரத்தில் அவை ஒன்றையொன்று நன்கு கேட்டு ஒதுங்கிக் காத்திருக்கின்றன. அறைக்குள் இருக்கும் மாணவருக்கோ கம்பியிட்ட கான்கிரீட் சுவரைத் தாண்டியே அலை வருகிறது. பயனர் இருக்கும் அறைக்குள் பொருத்துவதே முறை.

அறிவிப்புச் செய்திகளின் சுமை

ஒவ்வோர் அணுகல் புள்ளியும் தான் வழங்கும் ஒவ்வொரு வலையமைப்புப் பெயருக்கும் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அறிவிப்புச் செய்தி அனுப்புவது வழக்கமான அமைப்பு. மாணவர், ஆசிரியர், அலுவலகம், விருந்தினர், தேர்வு என ஐந்து பெயர்களை நான்கு புள்ளிகள் ஒரே தடத்தில் வழங்கினால் 20 அறிவிப்புகள் ஆகும். 250 பைட் அளவுள்ள அறிவிப்பு, நொடிக்கு 1 மெகாபிட் என்னும் பழைய வேகத்தில் ஏறத்தாழ 2.2 மில்லிநொடி எடுக்கும். 20 அறிவிப்புகளுக்கு 44 மில்லிநொடி. அஃதாவது, எவரும் எதையும் படிப்பதற்கு முன்பே தடத்தின் நேரத்தில் 43 விழுக்காடு செலவாகிவிடும். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட்டாக உயர்த்தினால் அதே சுமை ஏறத்தாழ 4 விழுக்காடாகும். மிகப் பழைய கருவிகள் மட்டும் இணைய இயலாது போகும். பெயர்களைக் குறைத்தால் சுமை மேலும் குறையும். இவ்விரு மாற்றங்களுக்கும் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பழுதறியும் வரிசை

முதலில் கேட்க வேண்டியவை மூன்று: பழுது ஒருவருக்கா, ஓர் இடத்திலா, வளாகம் முழுவதுமா? ஒருவருக்கெனில் அவரது கருவியையும், ஓர் இடத்திலெனில் அலையையும் மின்னிணைப்பையும், எங்குமெனில் மையச் சேவைகளையும் ஆராய்தல் வேண்டும்.

மின்னிணைப்பை எளிதாகக் கருதலாகாது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிற்றூர்ப் பார்வை மையங்களுடன் நெடுந்தொலைவு வைஃபை வழி இணைத்த பெர்க்கிலி ஆய்வுக்குழு, சீரற்ற மின்சாரம் கருவிப் பழுதுகளுக்குப் பெருங்காரணமாக அமைந்ததைக் கண்டு 2008இல் பதிவுசெய்தது. குறைமின்னழுத்தத்தில் கருவி முற்றிலும் அணையாமல் உறைந்து நிற்பதும் உண்டு.

அலைக்குறி முழுமையாக இருந்தும் இணையம் வராதபோது ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். 169.254 எனத் தொடங்கும் முகவரி, வழங்கியிடமிருந்து கருவிக்கு முகவரி கிடைக்கவில்லை என்பதன் அறிகுறி. 256 முகவரிகள் கொண்ட தொகுதியில் கருவிகளுக்குக் கிடைப்பவை 253 அளவே. குத்தகைக் காலம் 24 மணிநேரமெனில், காலையில் வந்து சென்ற கைப்பேசிகளின் முகவரிகள் மறுநாள்வரை முடங்கிக் கிடக்கும். தொகுதியை விரித்தலும் குத்தகையைச் சில மணிநேரமாகக் குறைத்தலும் தீர்வாகும். எல்லோருக்கும் ஒரே நாளில் உள்நுழைவு மறுக்கப்பட்டால், அடையாளச் சரிபார்ப்பு வழங்கியின் சான்றிதழ் காலாவதியாயிற்றா என நோக்குதல் தகும்.

முடிவுரை

வளாக வலையமைப்பின் தரம் கருவிகளின் எண்ணிக்கையைவிட, வானலை நேரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதையே மிகுதியும் சார்ந்துள்ளது. பயனர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வடிவமைத்தல், பெயர்களையும் பழைய வேகங்களையும் குறைத்தல், மின்னிணைப்பு முதல் முகவரி வரை வரிசையாக ஆராய்தல் ஆகியவற்றின் பின்னும் குறை நீடிக்குமாயின், அப்போது புதிய அணுகல் புள்ளி வாங்குவது பொருத்தமாகும். பழுதின் நாள், நேரம், இடம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவரும் வழக்கத்தைத் துறைதோறும் தொடங்கினால் இவ்வாராய்ச்சி எளிதாகும்.