பத்து டன் அடியைத் தாங்கும் எண்ணெய்ப் படலம்

ஆற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 165 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு 920 மீட்டரில். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போகும் தேசிய நெடுஞ்சாலை 48இல் காரில் போகிறவர்களுக்கு இந்த ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. ராணிப்பேட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரியின் எஞ்சினுக்கு ஒவ்வொரு மீட்டரும் தெரியும். வண்டியும் சரக்குமாக 25 டன் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 750 மீட்டர் மேலே தூக்க மட்டும் 51 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். டீசலில் சொன்னால் 13 லிட்டர். காற்றைக் கிழித்துப் போவதற்கும், டயர் உருள்வதற்கும், பிரேக் போட்டு மறுபடி வேகமெடுப்பதற்கும் ஆகும் செலவெல்லாம் இதற்கு மேல்.

இந்த வேலையை வருடக்கணக்கில், நடுவழியில் நிற்காமல் ஓர் எஞ்சின் எப்படிச் செய்கிறது?

பெரிய எஞ்சின் என்றதும் அமெரிக்கக் கார்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1970இல் செவர்லே ஓர் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை விற்றது. 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர். அந்தக் காலத்துக் கணக்கில் அதன் உச்ச வடிவம் 450 குதிரைத்திறன். அதன் ஒரு சிலிண்டரின் விட்டம் 108 மில்லிமீட்டர். நம் சாலைக்கு வருவோம். 1980களில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்ட் கொண்டுவந்த ஹெச் வரிசை ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினின் விட்டம் 104 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 5.76 லிட்டர். ஆக, இரண்டிலும் ஒரு சிலிண்டரின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நம் லாரிகளில் அது மாடலைப் பொறுத்து 160, 180 குதிரைத்திறன் என்றுதான் ஓடியது.

முக்கியக் காரணம் சுற்று வேகம். செவர்லே தன் உச்சத் திறனை நிமிடத்துக்கு 5,600 சுற்றில் தந்தது. லாரி எஞ்சினை 2,400 சுற்று அளவிலேயே கவர்னர் கட்டுப்படுத்திவிடும். 2,400 சுற்று என்பது பிஸ்டனுக்கு என்ன என்று பார்த்தால் அதுவும் குறைவில்லை. ஒரு நொடியில் அது 40 முறை மேலே போய்க் கீழே வருகிறது. மேல் முனையில் ஒரு கணம் நிற்கிறது, கீழ் முனையில் ஒரு கணம் நிற்கிறது. நொடிக்கு 80 முறை நின்று கிளம்புகிறது. மேல் முனையில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 400 மடங்குக்கு மேல். பிஸ்டனும் பின்னும் சேர்ந்து ஒன்றரை கிலோ என்றால், கனெக்டிங் ராடு அதைப் பிடித்து இழுக்கும் விசை அரை டன்னைத் தாண்டிவிடும். சுற்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்த விசை இரட்டிப்பாவதோடு நிற்காது, நாலு மடங்காகும். பெரிய எஞ்சினை மெதுவாகச் சுழற்றி வேலை வாங்குவதில் உள்ள லாபம் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. சின்ன எஞ்சினை விரட்டி அதே திறனை வாங்க முடியும். அதன் ஆயுள்தான் விலை.

டீசல் எஞ்சினில் இழுவை அதிகம் என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. அந்த எஞ்சின் காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோ அளவுக்குப் போகும். 104 மில்லிமீட்டர் பிஸ்டனின் தலைப் பரப்பு 85 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், பத்து டன் வரும். 1,500 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் நொடிக்குப் பன்னிரண்டரை முறை இந்த அடி விழுகிறது. ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் போய்ச் சேர லாரிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், அதற்குள் ஒரு பிஸ்டன் வாங்கும் அடி 67,500.

இந்த அடி பிஸ்டனிலிருந்து கனெக்டிங் ராடுக்கும், அங்கிருந்து கிராங்க் ஷாஃப்டுக்கும் போகிறது. ராடும் கிராங்கும் சேரும் இடத்தில் இருப்பது மெல்லிய பேரிங் ஷெல். பாதி வளையல் மாதிரி இரண்டு துண்டு. அதற்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய். கிராங்க் சுழலும்போது தன்னோடு எண்ணெயை இழுத்து ஒரு குறுகலான ஆப்புக்குள் திணிக்கிறது. அங்கே எழும் எண்ணெய் அழுத்தம் பத்து டன் அடியைத் தாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான். நம் தலைமுடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எஞ்சின் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் வரை உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வதே இல்லை. எஞ்சினுக்குள் இருக்கும் அத்தனை அதிசயங்களிலும் இதை விடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தப் படலத்தை விடத் தடிமனான ஒரு துகள் எண்ணெயில் வந்தால் கிராங்கில் கோடு விழும் என்பதும் இதிலிருந்தே புரியும். ஆயில் ஃபில்டரை ஒரு முறை மாற்றாமல் விட்டு மிச்சம் பிடிக்கும் காசு எவ்வளவு, கிராங்க் கிரைண்டிங் செலவு எவ்வளவு என்று எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதிதாகக் கட்டும் பட்டறைகளில் நின்று பார்க்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. புது ரிங்கை பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் மெக்கானிக் அதைத் தனியாக லைனருக்குள், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்குள், விடுவார். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ரிங்கைக் கொஞ்சம் கீழே தள்ளுவார், கோணாமல் நேராக உட்கார வேண்டும் என்பதற்காக. பிறகு ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார். அங்கே கம்பெனி சொன்ன அளவு இடைவெளி வேண்டும். எதற்கு? 104 மில்லிமீட்டர் ரிங்கின் சுற்றளவு 327 மில்லிமீட்டர். ஓடும்போது லைனரை விட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால், இரும்பு விரிவடையும் கணக்குப்படி அது 0.36 மில்லிமீட்டர் நீளும். இடைவெளி போதாமல் போனால் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் லைனரைக் கீறும். அதிகமானால் வெடிப்பின் வாயு கீழே கசிந்து இழுவை போகும். லைனரின் உள்சுவரும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கக் கூடாது. ஹோனிங் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளை வேண்டுமென்றே இழுக்கிறார்கள். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும்.

குதிரைத்திறனைக் கூட்டுவது இதோடு ஒப்பிட்டால் எளிது. 1989இல் அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப் வண்டியில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். 160 குதிரைத்திறன். அதே குடும்பத்து எஞ்சின்தான் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளில் நம் ஊர் வழியாக ஓடியது. அமெரிக்காவில் வேகப் பிரியர்கள் டீசலையும், காற்றைத் திணிக்கும் டர்போவையும் கூட்டிப் பல மடங்கு திறன் வாங்குகிறார்கள். பந்தயத்துக்கு அது சரி. இங்கே டீசல் பம்பின் செட்டிங்கை மட்டும் ஏற்றிவிட்டு இழுவை வந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகை வரும், புகைவாயுவின் சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் தலை உருகும். இதைச் செய்யவே கூடாது.

நம் பகுதிக்கென்றே ஒரு பகை இருக்கிறது: தண்ணீர். டீசலின் ஆற்றலில் சுமார் 40 சதவீதம்தான் கிராங்குக்குப் போகிறது. மீதி புகையிலும் ரேடியேட்டரிலும் சூடாகக் கழிகிறது. வேலூர் மே மாத வெயிலில் அந்தச் சூட்டைச் சுமக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஆனால் இங்கே தண்ணீரைக் கெடுத்தது தோல் தொழில். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பைக் கழுவி விடுகிறார்கள். பல பத்தாண்டுகளாக அது பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் சேர்ந்தது. இதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மிக முக்கியமானது. கிணறுகளைக் கெடுத்த அதே உப்பு எஞ்சினையும் விடாது. குளோரைடு வார்ப்பிரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். கடின நீரின் சுண்ணாம்பு உட்சுவரில் படிந்து சூட்டை வெளியேற விடாமல் தடுக்கும்.

வெட் லைனர் உள்ள எஞ்சின்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் லைனரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொடுகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் பக்கவாட்டில் அறைய, லைனர் மணி போல அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி, அடுத்த கணமே நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழியும் ஊசிமுனை அளவு இடத்தில் இரும்பைக் குத்துகிறது. பல மாதங்களில் லைனர் சல்லடையாகி, தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது. கூலன்ட் திரவத்தில் உள்ள வேதிப்பொருள் இரும்பின் மேல் ஒரு காப்புப் படலம் கட்டி இதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீரால் அது முடியாது.

வெயில் காலத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கமும் தவறு. எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரிக்கு வராமல் குளிர்ந்தே ஓடினால், எரிபொருளில் உள்ள கந்தகத்திலிருந்து அமிலம் லைனர் சுவரில் படிந்து தேய்மானத்தைக் கூட்டும். பி.எஸ். 6 மாசு விதிப்படி வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டதால் இந்த ஆபத்து இப்போது குறைவு. ஆனாலும் குளிர்ந்த எஞ்சினில் எரிதல் முழுமையாக நடக்காது, டீசல் வீணாகும்.

ஆகவே லாரி வைத்திருப்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும் கேட்பது இவ்வளவுதான். ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம், கம்பெனி சொன்ன கூலன்டை ஊற்றுங்கள். எண்ணெயையும் ஃபில்டரையும் தவணை தவறாமல் சேர்த்தே மாற்றுங்கள். ஏற்றம் ஏறி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, டர்போ ஆறிய பிறகு சாவியைத் திருப்புங்கள்.