மலைமுற்றம் – 9: தாயில்லாமல் மலையேறும் குஞ்சுகள்

போனில் சொன்னால் கோழிக்குஞ்சு வந்து சேர்கிற காலம் இது. ஹேச்சரியில் பொரித்த குஞ்சுகளைக் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் அடைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டிக்குள் நான்கு தடுப்பு, தடுப்புக்கு 25 குஞ்சு. பெரியகுளத்தில் இறக்கி, கும்பக்கரைப் பக்கமாக ஏறும் மலைச்சாலையில் ஜீப்பில் வந்தால் அடுக்கம் என்ற மலைக்கிராமம். அதுவரை அந்தக் குஞ்சுகள் ஒரு மணி தீவனம் தின்றிருக்காது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திருக்காது.

ஆனாலும் பிழைத்திருக்கும். ஓட்டை உடைத்து வெளிவருவதற்குச் சற்று முன்பு முட்டையின் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. அது ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். ஒரே அடையில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. கடைசிக் குஞ்சு வரும்வரை தாய்க்கோழி எழாது. முதலில் வந்தது பட்டினி கிடக்க வேண்டும். அதற்காக இயற்கை கட்டிக்கொடுத்த சோறு இது. இதை நம்பித்தான் 1892இல் அமெரிக்காவின் நியூஜெர்சியிலிருந்து ஜோசப் வில்சன் என்பவர் ஒருநாள் குஞ்சுகளை ரயிலில் சிகாகோவுக்கு அனுப்பினார். 1918இல் அந்நாட்டுத் தபால்துறையும் குஞ்சுப் பெட்டிகளை ஏற்கத் தொடங்கியது.

பயணத்தைத் தாங்கும் குஞ்சு, வந்த இடத்தில் குளிரைத் தாங்குவதில்லை. முதல் வாரம் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொள்ளலாம். சமவெளியில் சித்திரை வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். மலையில், அதுவும் ஐப்பசி மழையில், அப்படி நடக்காது. தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்தி, உமி பரப்பி, நடுவில் குண்டு பல்பைத் தொங்கவிட வேண்டும். எல்.இ.டி. பல்பு உதவாது, வெளிச்சம்தான் தரும், சூடு தராது. வட்டம் ஏன் என்றால், மூலை இருந்தால் குளிரில் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். உமிமேல் வழவழப்பான தாளை விரித்தால் கால் வழுக்கி விரிந்து முடமாகிவிடும். பழைய சாக்கு நல்லது.

சூடு சரியா என்று குஞ்சுகளே சொல்லும். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. விலகி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பரவலாகப் படுத்து, மேய்ந்து, மறுபடி படுத்தால் நாமும் தூங்கப் போகலாம்.

ஆனால் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போகும். மண் சரிந்து ரோடு மறித்தால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. கரி கனலும் மண்சட்டியை வைக்கலாம். அதன் புகைக்கும் நச்சுக்காற்றுக்கும் வழி விடாவிட்டால் அதுவே எமன்.

இதற்கெல்லாம் மேலான ஏற்பாடு வீட்டில் ஏற்கெனவே இருக்கக்கூடும்: அடைக்கோழி. இரண்டு வாரமாவது அடையில் இருக்கும் நாட்டுக்கோழியாகப் பார்த்து, இருட்டியபின் முட்டைகளை எடுத்துவிட்டு, அதன் இறக்கைக்கடியில் ஒவ்வொரு குஞ்சாக நுழைக்க வேண்டும். குஞ்சுக்கு ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். அணைப்பில் இடம் இருக்காது. விடியும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பது அவசியம், கொத்தினால் உடனே பிரித்துவிடலாம். பெரும்பாலும் கொத்தாது. தொண்டைக்குள் மெல்லக் கொக்கரித்து, குருணையைக் கொத்திக் கீழே போட்டுக் காட்டும். பெட்டியில் வந்த குஞ்சு அன்றே தின்னப் பழகிவிடும். பகலில் பஞ்சாரம் போட்டு மூடினால் பருந்துக்கும் கீரிக்கும் பயமில்லை.

ஆகவே என்ன குஞ்சு வாங்குகிறோம் என்பதை யோசித்தாக வேண்டும். வனராஜா, கிராமப்ரியா போன்ற மேம்படுத்திய ரகங்கள் அதிகம் முட்டையிடும், வேகமாக எடை போடும். ஆனால் அவை அடைக்கு உட்காருவது அரிது. முற்றம் முழுக்க அவையே நிறைந்தால் ஒவ்வொரு முறையும் ஹேச்சரிக்குத்தான் போன் போட வேண்டும். குடும்பத்துக் கோழி குடும்பத்திலேயே பெருக வேண்டுமென்றால் சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள் நாலைந்தாவது கட்டாயம் வேண்டும். முட்டை குறைகிறதே என்று அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கித் தெளியவைக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன்.

தாயால் தர முடியாதது ஒன்று உண்டு: வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்து நம் நாட்டில் ராணிகேத்திலும் கண்டறியப்பட்ட நோய் இது. வந்தால் முற்றமே காலியாகும், மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் போடுகிறார்கள். மலையில் தனித்தனியே இருக்கும் வீட்டுக்காரர்கள் சேர்ந்து போவது நல்லது; திறந்த குப்பி மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும், ஐஸ் பெட்டி இல்லாமல் கொண்டுவரவும் கூடாது.

(தொடரும்)